மாமாவின் இருமலும் ஒரு பழைய எக்ஸ்ரேயும்: திருகோணமலை அனுபவம்

இந்தமுறை திருகோணமலைக்குப் போனபோது கோணேசர் கோயில், நிலாவெளி எல்லாம் ஓரிரு பின்னேரங்களோடு முடிந்துவிட்டன. மிச்ச நேரமெல்லாம் மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்கும் ஸ்கான் எடுக்கும் இடமுமாகத்தான் திரிந்தேன். உப்புவெளியில் இருக்கிற மாமாவுக்கு ஒரு மாதத்துக்கு மேலாக இருமல், உடம்பும் கொஞ்சம் மெலிந்திருந்தது, இளவயதில் நல்லாய்ப் புகைத்தவர் வேறு. கான்சராக இருக்குமோ என்று வாய்விட்டுச் சொல்ல வீட்டில் ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

முதலில் அரச மார்பு கிளினிக்குக்குப் போனோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் பொதுவான விதி, காசும் இல்லை. சளி எடுக்கச் சின்னப் போத்தல் தந்தார்கள், துப்பலைத் துப்பாமல் நெஞ்சுக்குள்ளிருந்து காறி எடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜீன் எக்ஸ்பர்ட் என்ற மெஷினில் போட்டால், கசநோய்க் கிருமி இருக்கிறதா, முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்ற இரண்டையும் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் சொல்லிவிடும். மாமாவுக்குக் கிருமி இல்லை என்று வந்தது.

எக்ஸ்ரே எடுத்த தம்பியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கழுத்துச் சங்கிலி, தாயத்து எல்லாம் கழற்ற வைத்து, மாமாவின் நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிறுத்தி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துத் தோளை முன்னுக்குத் தள்ளச் சொன்னார். அப்படிச் செய்தால்தான் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் விலகும், நெஞ்சு பலகைப் பக்கம் இருந்தால் இருதயமும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியாது. "ஐயா, மூச்சை நல்லா இழுத்துப் பிடியுங்கோ" என்று சொல்லி எடுத்த படம் சரிவரவில்லை என்று முகம் சுளிக்காமல் இன்னொன்று எடுத்தார். டிஜிட்டல் என்பதால் படம் உடனேயே திரையில் வந்துவிடுகிறது, முந்தி மாதிரி ஃபிலிம் கழுவிக் காயும்வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் கதிர்வீச்சும் சுமார் 0.1 மில்லிசீவர்ட்தான், பயப்பட ஒன்றுமில்லை.

வலப்பக்க நுரையீரலின் உச்சியில் ஒரு நிழல் தெரிந்தது. எக்ஸ்ரே என்பது நெஞ்சு முழுவதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த நிழல். காறை எலும்புக்குப் பின்னாலும் இருதயத்துக்குப் பின்னாலும் ஒளிந்திருப்பதை அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆகவே டொக்டர் சீ.ரீ. ஸ்கான் கேட்டார். முதல் நோயாளிக்கு சீ.ரீ. எடுத்தது 1971இல், நான் இருக்கிற இதே லண்டனில், விம்பிள்டனில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில். அன்றைக்குத் தலையை மட்டும்தான் எடுக்க முடிந்தது, அதுவும் நிமிடக் கணக்கில். இன்றைக்கு ஒரு மூச்சுப் பிடிக்கிற நேரத்துக்குள் முழு நெஞ்சையும் பாண் வெட்டுவது போல ஒரு மில்லிமீற்றர் தடிப்புத் துண்டுகளாகக் காட்டிவிடுகிறது.

அவசரத்துக்கு நாங்கள் அதைத் தனியாரில் எடுத்தோம். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பெரிய ஃபிலிம் ஒன்றில் தெரிந்தெடுத்த கொஞ்சப் படங்கள், ஒரு பக்க ரிப்போட், அவ்வளவையும் கவரில் போட்டுத் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். முழுப் படங்களும் டிஸ்க்கில் வேண்டும் என்று கேட்டதற்கு, டொக்டருக்கு ஃபிலிம் போதும் என்று சொன்னார்கள். போதாது! நூற்றுக்கணக்கான துண்டுகள் இருக்கின்றன, நுரையீரலைப் பார்க்க ஒரு வெளிச்ச அளவு, நடு நெஞ்சின் நெறிக்கட்டிகளைப் பார்க்க இன்னொன்று, எலும்புக்கு வேறொன்று என்று டொக்டர் கணினியில் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய விஷயம் அது. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் படமெடுத்து வட்சப்பில் அனுப்பி, "அங்கே ஒரு டொக்டரிட்டக் காட்டு" என்று எங்கள் சனம் கேட்பது இதனால்தான், அந்தப் படத்தை வைத்து எந்த டொக்டரும் பொறுப்போடு ஒன்றும் சொல்ல மாட்டார். விடாமல் நின்று, மேலதிகமாகக் காசு கட்டி டிஸ்க்கை வாங்கினேன்.

ரிப்போட்டின் கடைசியில் பழைய படங்கள் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று இருந்தது. மாமி உடனே அலுமாரியைத் திறந்தார். மாமா பல வருஷங்களுக்கு முன் கட்டாருக்குப் போக மெடிக்கல் எடுத்து, எக்ஸ்ரேயில் ஏதோ தழும்பு என்று 'அன்ஃபிட்' போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த ஃபிலிமை மண்ணிறக் கவரோடேயே மாமி வைத்திருந்தார், ஓரமெல்லாம் மஞ்சளாகி ஒட்டிப்போயிருந்தது. கதிரியக்க டொக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் புதியதோடு வைத்துப் பார்த்தார். அதே இடம், அதே அளவு. சீ.ரீ.யிலும் அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தது, எப்போதோ வந்து தானாக ஆறிய கசநோயின் தழும்பு என்று சொன்னார். வருஷக்கணக்காக வளராமல் அப்படியே கிடக்கிற கட்டியான புள்ளி கான்சராக இருக்கிற வாய்ப்பு மிகக் குறைவு. மாமாவின் இருமலுக்குக் காரணம் அந்தத் தழும்பைச் சுற்றிச் சுவாசக்குழாய்கள் விரிந்துபோனதும் புகைத்ததால் வந்த நுரையீரல் சேதமும்தான், இது எக்ஸ்ரேயில் தெரியவே இல்லை. மருந்தும் மூச்சுப் பயிற்சியும் தொடங்கியாயிற்று. ஒருகாலத்தில் மாமாவின் வெளிநாட்டுப் பயணத்தைக் கெடுத்த அந்த ஃபிலிம் இல்லாவிட்டால் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டி வந்திருக்கும்.

அதுக்காக எல்லாரும் ஓடிப்போய் சீ.ரீ. எடுக்க வேண்டாம், சாதாரண நெஞ்சு சீ.ரீ. ஒன்றில் எக்ஸ்ரேயைவிடப் பல பத்து மடங்கு கதிர்வீச்சு இருக்கிறது. நீண்டகாலம் நிறையப் புகைத்தவர்களின் கதை வேறு. அமெரிக்காவில் அப்படிப்பட்ட 53,000க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சீ.ரீ. எடுத்தவர்களிடையே நுரையீரல் கான்சர் மரணம் எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட 20 வீதம் குறைவு என்று 2011இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் 55க்கும் 74க்கும் இடைப்பட்ட, புகைக்கிற அல்லது முந்திப் புகைத்தவர்களைக் கூப்பிட்டே சோதிக்கிறார்கள். கடிதம் வந்தால் தட்டிக்கழிக்காமல் போங்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் அம்மா அப்பாவின் பழைய எக்ஸ்ரே, மெடிக்கல் ஃபிலிம், விசாவுக்கு எடுத்தது எதுவானாலும் எறியாமல் ஒரே உறையில் போட்டு, திகதியையும் எழுதி வையுங்கள். ஸ்கான் எடுத்தால் டிஸ்க்கை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், கவுண்டரில் வைத்தே திறந்து, பெயரும் எல்லாப் படங்களும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.