இரவு 11 மணிக்கு யோசெமிட்டி: டென்ட் போடுவதா, காரில் தூங்குவதா, வழியிலேயே தங்கிவிடுவதா?

வெள்ளிக்கிழமை வேலை முடித்து, சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து ஊர்களான ஃப்ரீமாண்டிலிருந்தோ சன்னிவேலிலிருந்தோ கிளம்புகிறவர்கள் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள பள்ளத்தாக்குக்கு வெளிச்சத்தோடு போய்ச் சேர்வது அபூர்வம். மேப் நாலு மணி நேரம் என்று காட்டும். ஆல்டமான்ட் பாஸ் பக்கம் 580 நெடுஞ்சாலையில் ஊர்ந்து, வழியில் ஓக்டேல் ஊரில் சாப்பிட்டு, பிரீஸ்ட் கிரேட் மலைப்பாதை வளைவுகளில் பிள்ளைக்குத் தலைசுற்றி ஓரமாக நிறுத்தி, கடைசியில் பள்ளத்தாக்கிலுள்ள அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டுக்குள் கார் நுழையும்போது 10 மணி தாண்டியிருக்கும். அங்கே இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். சைட்டுகளும் (ஒவ்வொரு குழுவுக்கும் ஒதுக்கும் டென்ட் இடங்கள்) நெருக்கமாக இருக்கும். பக்கத்து டென்டில் படுத்திருப்பவர் ஹாஃப் டோம் பாறைமலை ஏற விடிவதற்கு முன்பே எழ வேண்டியவராக இருக்கலாம், அல்லது இப்போதுதான் கைக்குழந்தையைத் தூங்கவைத்திருக்கலாம்.

லேட்டாக வந்தது நாம். அதனால் வரும் சிரமமும் நம்மோடு நிற்க வேண்டும், அவரிடம் போகக்கூடாது. கீழே உள்ள வழிகளை இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன். வசதி, செலவு எல்லாம் அப்புறம்தான்.

பலரும் அடித்துப்பிடித்து ஓட்டிவரக் காரணம், ராத்திரியே போய்ச் சேராவிட்டால் சைட் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். போகாது. ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு இணையதளம் வழியாக முன்பதிவு செய்த சைட்டை, நாம் வருவதாகச் சொன்ன நாளுக்கு அடுத்த நாள் காலிசெய்யும் நேரம்வரை நமக்காக வைத்திருப்பார்கள். யோசெமிட்டியில் அது நண்பகல் 12 மணி. அதற்குள்ளும் வராமல், ரத்தும் செய்யாமல் இருந்தால்தான் 20 டாலர் அபராதமும் முதல் இரவின் கட்டணமும் போகும். ராத்திரி போகும்போது அலுவலகம் மூடியிருந்தாலும் பரவாயில்லை, பலகையில் முன்பதிவுப் பட்டியல் ஒட்டியிருக்கும், நேராக சைட்டுக்குப் போய்விட்டு காலையில் பதிந்துகொள்ளலாம். இது தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும், மலைப்பாதையில் இருட்டில் வேகமாக ஓட்ட வேண்டியதும் இல்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பெரிய குடும்ப டென்டை ராத்திரியிலேயே போடுவது

ஆறு பேர், எட்டு பேர் டென்ட் என்று விற்கிறார்களே, அதைச் சொல்கிறேன். குழந்தைகளோடு வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், பகலில் அருமையான டென்டுதான். ராத்திரி 10 மணிக்கு மேல் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. நீளமான கம்பிகள் ஒன்றோடொன்று மோதும், நாலு மூலையிலும் ஆள் நின்று பிடிக்க வேண்டும், பிடிப்பவர்கள் பேசாமல் இருக்க முடியாது. "அந்தக் கம்பி இல்ல, நீலக் கம்பி" என்று சாதாரணக் குரலில் சொன்னால்கூட அந்த நேரத்தில் நாலு சைட் தள்ளிக் கேட்கும். அப்பர் பைன்ஸில் வருடக்கணக்கில் மிதிபட்டு மண் இறுகிக் கிடக்கும் இடங்களில் முளை இறங்காது, சுத்தியலால் அடித்தே ஆக வேண்டும். கடைசியில் காற்று மெத்தைக்கு மின் பம்பு! அந்த ஒரு நிமிஷச் சத்தத்தில் அந்த வரிசையே விழித்துக்கொள்ளும்.

இன்னொன்று, இவ்வளவு பெரிய டென்டுக்குச் சமதளம் தேட வேண்டும், தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். 2015 ஆகஸ்டில் இதே அப்பர் பைன்ஸில் ஓக் மரக் கிளை ஒன்று டென்ட் மேல் முறிந்து விழுந்து இரண்டு இளம்பிள்ளைகள் இறந்துபோனார்கள். மேலே பார்த்தால் எல்லா ஆபத்தும் தெரிந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் பகலில் பார்ப்பதுபோல இருட்டில் பார்க்க முடியாது, பெரிய டார்ச்சை மரத்துக்கு மேலே வீசித் தேடினால் சுற்றியுள்ள டென்டுகள் மேலும் அந்த வெளிச்சம் விழும்.

சின்ன டென்டை மட்டும் போடுவது

எனக்குப் பிடித்த வழி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு மூன்று பேர் படுக்கும், முளை அடிக்காமலே தானாக நிற்கும் டென்ட் ஒன்றை முதல் இரவுக்கென்று தனியாகக் கொண்டுபோவது. இரண்டே கம்பி, பத்து நிமிஷ வேலை. மரங்களுக்கு நடுவே காற்றில்லாத இரவென்றால் முளையே வேண்டாம், உள்ளே மூலைகளில் பைகளை வைத்தால் போதும். மேல் துணியை இழுத்துக் கட்ட வேண்டுமென்றால் கயிற்றை ஒரு கல்லில் சுற்றி வைக்கலாம், காலையில் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். கம்பிகளை உதறி அவை தானாக 'டக் டக்' என்று சேர விடாமல் ஒவ்வொரு துண்டாகக் கையால் பொருத்தினால் சத்தமே வராது. மெத்தைக்குப் பதில் மடிக்கும் ஃபோம் பாய். தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதை மட்டும் போடுங்கள், வெள்ளை வெளிச்சம் பக்கத்து டென்டின் துணி முழுக்கப் பரவும்.

இந்த வழி பலிக்க வேண்டுமானால் பாதி வேலையை ஓக்டேலிலோ, அதைத் தாண்டி வரும் குரோவ்லேண்டிலோ முடித்துவிட வேண்டும். சாப்பாடு, பல் தேய்ப்பது, உடை மாற்றுவது எல்லாமே அங்கேதான். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தால் ராத்திரியில் அடுப்பு பற்றவைக்கிற பேச்சே இல்லை. பெட்ரோல் பங்க் வெளிச்சத்திலேயே டிக்கியை ஒழுங்குபடுத்தி டென்டை மேலே எடுத்து வையுங்கள். யார் கம்பியைப் பிடிப்பது, யார் பிள்ளைகளோடு காரில் இருப்பது என்றும் அங்கேயே பேசிவிடலாம். சைட் எண்ணையும் கேம்ப்கிரவுண்ட் வரைபடத்தையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள், குரோவ்லேண்ட் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எண் தெரியாமல் ஹெட்லைட்டோடு சுற்றிச் சுற்றி வரும் கார்தான் எல்லா டென்டுகளையும் ஒரே நேரத்தில் எழுப்பும்.

குறை என்னவென்றால் நாலு பேர் குடும்பத்துக்கு இது நெருக்கடி. சின்னப் பிள்ளைகள் என்றால் ஒரு இரவு சமாளிக்கலாம். தாத்தா பாட்டி கூட வந்திருந்தால் இதை நான் சொல்லமாட்டேன்.

காரிலேயே தூங்குவது

டென்டே இல்லாததால் சத்தம் குறைவு என்று தோன்றும், உண்மையில் காரைப் பொறுத்தது. ரிமோட்டில் பூட்டினால் ஹார்ன், திறந்தால் உள்விளக்கு, தானியங்கி டிக்கி என்றால் அதற்கொரு பீப். கதவை உள்ளேயிருந்து பொத்தானை அழுத்திப் பூட்டுங்கள். ரிமோட்டில் பூட்டிவிட்டு நடுராத்திரி பாத்ரூம் போக உள்ளேயிருந்து கதவைத் திறந்தால் பல கார்களில் அலாரம் அலறும், அந்தச் சத்தத்துக்கு முன்னால் சுத்தியல் எவ்வளவோ மேல். குளிருக்காக எஞ்சினை ஓடவிடுவதும் கூடாது, சத்தம் ஒருபக்கம், கார்பன் மோனாக்சைடு ஆபத்து இன்னொரு பக்கம். ஜூனில்கூட பள்ளத்தாக்கில் இரவு 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும், நல்ல போர்வை எடுத்துப் போங்கள்.

சீட்டை மடித்தால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கும் வேன் என்றால் இது சின்ன டென்டுக்குச் சமமான வழி, 12 மணிக்கு மேல் என்றால் அதைவிடவும் நல்லது. நாலு பேர் உட்கார்ந்தபடியே தூங்குவதென்றால் மறுநாள் யாருக்கும் ட்ரெய்ல் ஏறத் தெம்பு இருக்காது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், யோசெமிட்டிக்குள் உங்கள் பெயரில் இருக்கும் சைட்டில் மட்டுமே காரில் தூங்கலாம். சாலையோரத்திலோ பார்க்கிங்கிலோ தூங்க அனுமதி கிடையாது, அதனால் அந்த வழியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை.

டென்டோ காரோ, சாப்பாட்டு விஷயத்தில் விலக்கு கிடையாது. இருட்டிய பிறகு உணவைக் காரில் வைக்கக்கூடாது, ஒவ்வொரு சைட்டிலும் கரடிக்குத் திறக்காத இரும்பு லாக்கர் இருக்கிறது. பற்பசை, சன்ஸ்கிரீன், பிள்ளையின் கார் சீட்டில் சிந்திய முறுக்குத் தூள்வரை எல்லாம் அதில் சேர்த்திதான். மீறினால் 5,000 டாலர்வரை அபராதம் உண்டு, அதைவிட முக்கியம், மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டிவரும். ஆனால் அந்த லாக்கர் கதவு 'டணார்' என்று கத்தும். எனவே வாசனை வரும் எல்லாவற்றையும் முன்பே இரண்டு மூன்று பைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு, கதவைக் கையால் தாங்கி ஒரே தடவை திறந்து ஒரே தடவை மூடுங்கள்.

வழியில் மோட்டலில் தங்கிக் காலையில் போவது

அக்கம்பக்கத்தாருக்கு முழு நிம்மதி தரும் வழி இது ஒன்றுதான். ஓக்டேலிலும் குரோவ்லேண்டிலும் விடுதிகள் உண்டு, 140 நெடுஞ்சாலை வழியாக வந்தால் மெர்சட், மரிபோசா. சைட் கட்டணத்தில் ஓர் இரவு வீண், மோட்டலுக்குத் தனிச் செலவு, கோடை வார இறுதியில் பூங்காவுக்குக் கிட்டே அறை விலை எகிறும். ஓக்டேலிலேயே நின்றுவிட்டால் செலவு குறையும், காலையில் இரண்டு மணி நேர ஓட்டம் இருக்கும். பெரியவர்கள், கைக்குழந்தை, பெரிய டென்ட் மட்டுமே இருப்பவர்கள், தூக்கக் கலக்கத்தில் ஓட்டுபவர்கள் எல்லோரும் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து போகும்போது ஒரு கார் மாலையிலேயே போய் இரண்டு டென்டையும் போட்டுவைக்க முடியுமானால் மோட்டலே தேவையில்லை. ஒரு சைட்டுக்கு ஆறு பேர், இரண்டு கார்தான் வரம்பு, அதற்குள் அடங்க வேண்டும்.

வீட்டிலேயே தூங்கிவிட்டு சனிக்கிழமை விடியற்காலை கிளம்புவதும் நல்லதுதான், செலவே இல்லை. இரண்டாவது இரவும் அதே சைட் இருந்தால் மட்டும் பலன்.

மணியை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால், 10-க்கு முன்னால் எந்த டென்டையும் போடுங்கள். 10-இலிருந்து நடுராத்திரிவரை சின்ன டென்ட். அதற்கும் மேலே ஆகும் என்று ஓக்டேலிலேயே தெரிந்தால், இரண்டு பேர் என்றால் கார், குடும்பம் என்றால் அங்கேயே அறை. மறுநாள் பெரிய டென்டைப் போடுவதற்கும் அவசரம் வேண்டாம். 6 மணிக்கு அமைதி நேரம் முடிந்தாலும் சனிக்கிழமை காலையில் பாதிப் பேர் தூக்கத்தில்தான் இருப்பார்கள். போய்ப் பதிந்துவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு, 8 மணிக்கு மேல் சுத்தியலை எடுங்கள்.