ஓசூரில் இருந்தபடியே முதுகலை: இக்னோ எம்.சி.ஏ.வா, ஜார்ஜியா டெக் எம்.எஸ்.ஸா?

ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களும், தர்மபுரியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஊரை விடாமல் கணினியில் முதுகலை படிக்க எது நல்லது? இருவருக்கும் ஒரே பதில் கிடையாது.

அரசு வேலைதான் குறி என்றால் இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த பல்கலைக்கழகம், யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்த ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே இணைச் சான்று, அதாவது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று கேட்பார்கள். ஆன்லைனில் வாங்கிய வெளிநாட்டுப் பட்டத்தை நம்பி அரசு வேலைக்கு இறங்க நான் சொல்லமாட்டேன்.

ஏற்கெனவே மென்பொருள் வேலையில் இருப்பவர் என்றால் ஜார்ஜியா டெக்கைத் தயங்காமல் பார்க்கலாம். இந்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் 2014-இல் தொடங்கிய ஆன்லைன் கணினி முதுகலைப் படிப்பு. மொத்தக் கட்டணம் சுமார் 7,000 டாலர், நம் கணக்கில் ஆறு லட்சத்துக்கு மேல். இக்னோவோடு ஒப்பிட்டால் பெரிய தொகைதான். ஆனால் 10 பாடங்களுக்கும் சேர்த்து ஒரே தடவையில் கட்ட வேண்டாம். எடுக்கிற பாடத்துக்கு மட்டும் அந்தந்தப் பருவத்தில் கட்டினால் போதும். சம்பளத்திலேயே சமாளிக்கலாம், கல்விக்கடன் தேவைப்படாது.

விண்ணப்பத்தில்தான் இரண்டும் வெகுவாக வேறுபடுகின்றன. இக்னோவுக்கு ஏ.பி.சி. எண் (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கு எண்), டி.இ.பி. எண் (யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண்) இரண்டையும் எடுத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினால் முடிந்தது. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு சேர்க்கை. ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அரூரிலோ ஊத்தங்கரையிலோ பிரவுசிங் சென்டரில் போடுகிறீர்களா? கடைக்காரரின் செல் நம்பரையோ மின்னஞ்சலையோ கொடுத்துவிடாதீர்கள், எல்லா ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும்.

ஜார்ஜியா டெக் ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைக் கேட்பதில்லை. ஆனால் டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுதும் நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பின்வாங்குவது இந்தக் கடிதங்களைப் பார்த்துத்தான். வீட்டில் முதல் பட்டதாரி, கல்லூரியை விட்டு நான்கு வருடம் ஆகிவிட்டது, எந்த முகத்தோடு சாரிடம் போய்க் கேட்பது என்ற கூச்சம். கேளுங்கள். மூன்று பேரும் பேராசிரியராக இருக்க வேண்டும் என்றில்லை. பாடம் நடத்திய ஒருவர், கூடவே உங்கள் வேலையை நேரில் பார்த்த டீம் லீட், மேனேஜர் என்று போகலாம். பெரிய பதவியில் இருக்கும் தெரிந்தவரைவிட உங்கள் வேலையை அறிந்தவரின் கடிதமே எடுபடும். நீங்கள் செய்த புராஜெக்ட், எடுத்த மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். கடிதத்தை அவரே எழுதட்டும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிட்டால் அவருக்கும் நெருக்கடி இல்லை.

அப்புறம், ஜார்ஜியா டெக்கில் சேர்ந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். முதல் 12 மாதத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் குறைந்தது பி கிரேடு எடுத்தாக வேண்டும். புரோகிராமிங் பழக்கம் விட்டுப்போனவர்கள் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே டேட்டா ஸ்ட்ரக்சரைத் தூசி தட்டி எடுப்பது நல்லது.