முதல் சிறுகதையை எங்கே அனுப்பலாம்: வார இதழா, இணைய இதழா, பிரதிலிபியா, கிண்டிலா?

சிறுகதை ஒன்றை எழுதி முடித்துவிட்டு, "இதை எங்கே அனுப்பலாம்?" என்று கேட்டு வரும் நண்பர்கள் எனக்கு உண்டு. முன்பெல்லாம் இதற்குப் பதில் சுருக்கமானது: வார இதழ், இல்லையென்றால் சிற்றிதழ். இப்போது வாசல்கள் கூடிவிட்டன. எனவே கேள்வியும் கொஞ்சம் கடினமாகிவிட்டது. நான் இவற்றை ஒரே அளவுகோலால் பார்க்கிறேன்: அந்த இடத்தில் கதை வெளியான பிறகு, அடுத்த கதையை இன்னும் நன்றாக எழுத வேண்டும் என்ற வேகம் வருகிறதா? பணமும் பெயரும் முக்கியம்தான். ஆனால் புதிதாக எழுதுகிறவருக்கு அவை இரண்டாவது.

வார இதழிலிருந்து தொடங்கலாம். ஆனந்த விகடன் 1926-இல் வந்தது, கல்கி 1941-இல், குமுதம் 1947-இல். தமிழில் கதை படிக்கும் பழக்கத்தையே வீடு வீடாகக் கொண்டுபோனவை இந்த இதழ்கள். அச்சில் ஓவியத்தோடு ஒரு கதை வந்தால், இலக்கியம் பக்கமே வராத பெரியப்பாகூட போன் பண்ணுவார். சன்மானமும் உண்டு. ஆனால் இடம் குறைந்துகொண்டே வருகிறது. கல்கி 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. மற்ற இதழ்களிலும் கதைக்கான பக்கங்கள் குறைவு. குவியும் கதைகளோ ஏராளம். அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிவரும். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த மௌனத்திலேயே எழுதுவதை விட்டுவிட்டார். நல்ல கதைக்காரர்.

ஒரு நன்மையைச் சொல்லியாக வேண்டும். நாலு பக்கத்துக்குள் ஒரு வாழ்க்கையைச் சொல்லும் பயிற்சி வார இதழுக்கு எழுதினால் கிடைப்பதுபோல் வேறெங்கும் கிடைக்காது. இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970-லிருந்து மாதந்தோறும் இதழ்களில் வந்தவற்றில் சிறந்த கதையைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுத் தொகுப்புகளாகவும் கொண்டுவந்தது. பழைய புத்தகக் கடையில் அந்தத் தொகுப்பு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். சின்ன இடத்தில் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

இணைய இதழ்தான் என் தேர்வு. திண்ணை 1999-இல் தொடங்கியது, சொல்வனம் 2009-இல். பிறகு கனலி, வாசகசாலை, தமிழினி என்று வரிசை நீண்டது. பக்கக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை. ஐயாயிரம் சொல் கதைக்கும் இடமுண்டு. பணம் எதிர்பார்க்க முடியாது. வாசகர்களும் வார இதழ் அளவுக்கு இருக்க மாட்டார்கள். ஆனால் கதையைத் தேர்ந்தெடுக்க ஒரு ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், கதை மீதுள்ள ஆசையால்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெறும் பஸ் கண்டக்டர் ஒருவரைப் பற்றிக் கதை எழுதி அனுப்பியிருந்தேன். கடைசி நாள் வீட்டுக்கு வந்து, விசிலை மேசை டிராயரில் வைத்து மூடுகிறார். அதற்கு அப்புறம் ஒரு பத்தி: அந்த விசில் அவருக்கு என்னவாக இருந்தது, முப்பது வருஷத்தில் எதையெல்லாம் நிறுத்தியது, எதையெல்லாம் கிளப்பியது என்று விளக்கம். அதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. நாலு நாளில் ஆசிரியரிடமிருந்து மெயில் வந்தது: "டிராயரை மூடியதோடு கதை முடிந்துவிட்டது. அதற்கு மேல் பேசுவது நீங்கள், அவர் இல்லை." இரண்டு நாள் எனக்குக் கோபம் அடங்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இன்றைக்கும் எந்தக் கதையை முடித்தாலும் கடைசிப் பத்தியை மறைத்து ஒருமுறை படிக்கிறேன். எத்தனை சன்மானம் வாங்கியிருந்தாலும் இது எனக்குக் கிடைத்திருக்காது.

பிரதிலிபி வேறு உலகம். 2014-இல் பெங்களூருவில் தொடங்கிய இந்தத் தளத்தில் யாரையும் கேட்காமல் இன்றைக்கே கதையைப் போடலாம். என் அத்தை மகள் அங்கே தொடர்கதை எழுதுகிறாள். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, பிள்ளைகள் தூங்கியதும் போனிலேயே ஒரு பாகம் தட்டி ஏற்றுவாள். காலையில் பால் காய்வதற்குள், "அடுத்த பாகம் எப்போ சிஸ்?" என்று பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவள் இருநூறு பாகம் எழுதினாள். இதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தினமும் எழுத உட்கார வைக்கும் இடம் லேசானதல்ல. ஆனால் அங்கே வாசகர் கேட்பது அடுத்த பாகத்தை. போன பாகத்தில் எந்த வாக்கியம் தொங்குகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொடர்கதை எழுத ஆசை என்றால் அங்கே போங்கள். ஒற்றைச் சிறுகதை அந்த வேகத்தில் சீக்கிரம் கீழே போய்விடும்.

கிண்டில்? அமேசானின் மின்நூல் தளம், 2016 டிசம்பரிலிருந்து தமிழிலும் உண்டு. செலவே இல்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற, அமேசானுக்கு மட்டுமே மின்நூலைக் கொடுக்கும் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட்டில், அதாவது சந்தா கட்டிப் படிப்பவர்களால், படிக்கப்படும் பக்கங்களுக்கும் பணம் வரும். ஆனால் பத்துப் பன்னிரண்டு கதை சேர்ந்த பிறகு போக வேண்டிய இடம் அது. ஒரே கதையை மின்நூலாகப் போட்டால் நண்பர்கள் வாங்குவார்கள், அதோடு சரி.

பலரும் சறுக்குவது வரிசையில்தான். கேடிபி செலக்ட்டில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்பிரதி வேறெங்கும் இருக்கக் கூடாது. இணைய இதழில் இலவசமாகக் கிடைக்கும் கதையை அதில் சேர்த்தால் சிக்கல். அதேபோல் சிறுகதைப் போட்டிகள் பெரும்பாலும் அச்சிலோ இணையத்திலோ வராத கதையைத்தான் கேட்கும். ஆசைப்பட்டு பேஸ்புக்கில் போட்டதும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். எனவே போட்டிக்கோ வார இதழுக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்துவிடுங்கள்; இல்லையென்றால், அல்லது அங்கே கிடைக்காவிட்டால், இணைய இதழ்; கதைகள் சேர்ந்ததும் புத்தகம் அல்லது கிண்டில்.

புத்தகம் என்றதும் ஒரு எச்சரிக்கை. என் முதல் தொகுப்புக்குப் பணம் கட்டச் சொன்ன பதிப்பகம் ஒன்றை நம்பி 30,000 ரூபாய் கொடுத்தேன். முந்நூறு பிரதிகள் என்றார்கள்; கையில் வந்தது ஐம்பது. மெய்ப்பு பார்த்ததாகவே தெரியவில்லை. அவசரப்படாதீர்கள். சாகித்ய அகாடமியின் யுவ புரஸ்கார் 35 வயதுக்குள் இருப்பவர்களின் நூலுக்கு 50,000 ரூபாய் தருகிறது என்பதற்காக, 34 வயதில் பாதி வெந்த கதைகளைத் தொகுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அனுப்பும்போது யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள்; பழைய எழுத்துருவில் போனால் ஆசிரியரின் திரையில் வெறும் குறிகள்தான் தெரியும். அந்த இதழில் கடைசியாக வந்த மூன்று கதைகளையாவது முதலில் படியுங்கள். அனுப்பிய தேதியை நோட்டில் குறித்துவிட்டு, அதே வாரம் அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள். பதில் வரும்போது நீங்கள் அதன் நடுவில் இருக்க வேண்டும்.