வாலில்லா விமானக் கிட்: 17.5 அல்ல, 16

ஒரு மீட்டர் அகலம், இபிபி நுரையில் வெட்டிய இறக்கை, வால் கிடையாது. ஆன்லைனில் கிடைக்கும் ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) கிட்டுகளில் நடுத்தர ரகம். பெட்டிக்குள் இரண்டு இறக்கைத் துண்டு, 6 மி.மீ. கார்பன் குழாய், பால்சா மரத்தில் எலவான் (பின்விளிம்பில் அசையும் பலகை) இரண்டு, நுனிக்கு நட்டுவைக்கப் பிளாஸ்டிக் தகடு இரண்டு, மோட்டார் தாங்கி. மோட்டார், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), எலவானை அசைக்கும் 9 கிராம் சர்வோ இரண்டு, 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் பேட்டரி, ரிசீவர் எல்லாம் நம் செலவு. காரைக்குடிப் பக்கம் பறக்கவிட வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். கையேட்டை மட்டும் நம்பக் கூடாது.

சிஜி, அதாவது எடை சமன்படும் இடம், மூக்கிலிருந்து 17.5 செ.மீ. என்று அதில் அச்சாகியிருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: இறக்கையின் முன்பின் அகலம், அதாவது நாண், நடுவில் 32 செ.மீ., நுனியில் 18, நுனி பின்னால் சரிந்திருப்பது 25. காற்றியக்கக் கணக்கில் சராசரி நாண் (வெறும் கூட்டுச் சராசரி அல்ல) 25.6 வருகிறது. பின்சரிவையும் சேர்த்தால் அதன் கால் பங்கு மூக்கிலிருந்து ஏறக்குறைய 17.7-இல் விழுகிறது; நடுநிலைப் புள்ளி அங்கேதான். சிஜி அதற்கு முன்னால் இருந்தால்தான் காற்று தூக்கிவிட்ட மூக்கு தானாகக் கீழே வரும். கையேடு விடும் இடைவெளி 2 மி.மீ., நாணில் ஒரு சதவீதம்கூட இல்லை. வால் உள்ள விமானம் இந்த மாதிரி பிசகைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இதற்கு அந்த நீளமான நெம்புகோலே கிடையாது. எறிந்ததும் மூக்கைத் தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்து, செம்மண்ணில் குத்தும். 15.7-க்கும் 16-க்கும் நடுவில் வையுங்கள். ஏழெட்டு சதவீதம் கிடைக்கும்.

அதற்கு ஈயக்கட்டி வேண்டாம். மொத்த எடை 720 கிராம், பேட்டரி 180, அதாவது நாலில் ஒரு பங்கு. சிஜி ஒன்றரை சென்டிமீட்டர் முன்னே வர பேட்டரி ஆறு சென்டிமீட்டர் முன்னே போக வேண்டும். வெட்டி வந்திருக்கும் பள்ளத்தில் அவ்வளவு இடமில்லை. புது பிளேடால் மூக்குப் பக்கம் நீட்டிவிட்டு, அடியில் வெல்க்ரோவும் மேலே ஒரு பட்டையும் போடுங்கள். பேட்டரி நழுவினால் செய்த கணக்கெல்லாம் வீண்.

அடுத்தது ரிஃப்ளெக்ஸ். இரண்டு எலவானும் ரிமோட்டின் குச்சி நடுவில் இருக்கும்போதே 2 முதல் 3 மி.மீ. மேல் நோக்கி நிற்க வேண்டும். நேர்கோட்டில் வைத்து எறிந்தால் மூக்கு கவிழும். வால் செய்யும் வேலையை இறக்கையின் பின்விளிம்பே செய்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை தூக்குவிசையில் கொஞ்சம் குறைவு. ஆளைச் சுமந்து பறந்த வாலில்லாக் கிளைடர்களுக்கும் இதே விதிதான். 1951-இல் முதன்முதலாகப் பறந்த பிரெஞ்சு ஃபாவெல் ஏவி 36, சரிவில்லாத பலகை இறக்கையின் பின்விளிம்பை மேலே வளைத்தே சமாளித்தது. டிரைக்கின் (மோட்டார் வண்டி தொங்கும் ஹாங் கிளைடர்) துணி இறக்கையில் பின்விளிம்பைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பிகளும் அதற்குத்தான்: தலைகுப்புறப் பாயும்போது துணி தட்டையாகிவிடாமல் மேலே இழுத்து வைக்கும்.

பாராட்ட வேண்டியது ஒன்று: நுனியை இரண்டு டிகிரி கீழ் நோக்கி முறுக்கியே வெட்டியிருக்கிறார்கள். வேகம் குறைந்தால் நுனிக்கு முன் நடுப்பகுதி தூக்குவிசையை இழக்கும், மூக்கு மெல்லத் தாழும், சுழல் வராது. ஆனால் ஒட்டும்போது ஒரு பக்கம் முறுக்கு மாறினால் விமானம் எப்போதும் அந்தப் பக்கமோ எதிர்ப்பக்கமோ உருளும். ரிமோட்டில் டிரிம் (எலவானின் நடுநிலையைச் சற்றே நகர்த்துவது) வைத்து மறைக்கலாம், வேகம் மாறினால் மறுபடி தலைகாட்டும். தரையில் வைத்து ஒட்ட வேண்டாம்: பழைய வீட்டு முகப்புத் தரை வழவழப்பாகத் தெரியும், மட்டமாக இருக்காது. ஆத்தங்குடித் தரைக்கல்லையே கண்ணாடித் தகட்டின் மேல்தானே வார்க்கிறார்கள்? நீங்களும் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தே ஒட்டுங்கள். பசைக்கு ரப்பர் வகை கான்டாக்ட் பசை போதும், இபிபியைக் கரைக்காது (தெர்மாகோலைக் கரைத்துவிடும்). குளூ கன் வேண்டாம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் அந்தப் பசை இளகும், மோட்டார் தாங்கி ஆடும்.

அதே காருக்குள் பேட்டரியையும் விடாதீர்கள். மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கிற ஊரில் இதைச் சொல்ல வேண்டியதில்லைதான்.

பின்னால் தள்ளும் மோட்டார் என்பதால் புரொப்பெல்லரில் எண் அச்சிட்ட முகம் பறக்கும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் தள்ளும், ஆனால் பலம் வெகுவாகக் குறையும். எறியும் கையும் புரொப்பெல்லரும் ஒரே இடத்தில் இருப்பது இந்த வடிவத்தின் பெரிய ஆபத்து: இறக்கையின் முன்விளிம்பைப் பிடித்து, திராட்டில் (மோட்டார் விசை) இல்லாமல் எறிந்து, கையைத் தாண்டியபிறகு கூட்டுங்கள். முதல் பறப்புக்கு எலவான் அசைவு மேலும் கீழும் 10 மி.மீ., எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் ரிமோட் அமைப்பு) 30 சதவீதம்.

காற்றில் ஏறியபின் குணம் நல்லது. வேகம் மணிக்கு 30 கி.மீ. பக்கம் குறைந்தாலும் நிதானமாக மிதக்கும், பேட்டரி 12 நிமிடம் தாங்கும். நுனித் தகடுகள் மட்டும் சின்னவை, அதனால் காற்றடித்தால் வாலே இல்லாமல் வாலாட்டும். பைல் அட்டைப் பிளாஸ்டிக்கில் இரண்டு சென்டிமீட்டர் உயரம் கூட்டி வெட்டி ஒட்டினால் அடங்கும். ஆடிக் காற்றில் இதைக் கொண்டுபோக வேண்டாம். காலை ஏழு மணிக்குள் வற்றிய கண்மாய் தோதான இடம். டிரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று முதலில் பார்த்துவிடுங்கள், பச்சையிலும் 120 மீட்டர்தான் உச்சம்.

இறக்குவதில்தான் பழக்கம் வேண்டும். ஃபிளாப் வைக்க முடியாது, வைத்தால் மூக்கு கவிழும், ஈடுகட்ட வால் இல்லை. ஆகவே தரைக்கு அருகில் வந்தும் இறங்காமல் மிதந்துகொண்டே போகும். எதிரில் கருவேல வரிசை இருந்தால் அறுபது மீட்டர் முன்னாலேயே திராட்டிலை அணையுங்கள். வயிற்றுப் பக்கம் சரளையில் பத்தே தடவையில் தேய்ந்துவிடுகிறது, நார் டேப் இரண்டு அடுக்கு ஒட்டியே அனுப்பியிருக்கலாம். எலவான் தனியாக விற்பதில்லை. உடைந்தால் 6 மி.மீ. பால்சாப் பலகை வாங்கி, பின்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து நீங்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.