முழுப் பிணைத்தொகையா, பிணை முகவரா?

அமெரிக்காவில் கைதாகிக் கவுண்டிச் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) சிறையில் இருப்பவரை வெளியே கொண்டுவர, பணம் கட்டி விடுதலை பெறும் பணப்பிணை முறை உள்ள மாநிலங்களில் குடும்பத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான்: முழுப் பிணைத்தொகையையும் தாங்களே கட்டுவது, அல்லது கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தத் தொகைக்கு உத்தரவாதம் தரும் தனியாரான பிணை முகவரை நாடுவது.

பிணைத்தொகை 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் நீங்களே கட்டினால், அவர் எல்லா விசாரணைக்கும் தவறாமல் ஆஜராகும்பட்சத்தில், வழக்கு முடிந்ததும் பணம் திரும்பும். சில இடங்களில் அபராதமும் கட்டணமும் கழித்துக்கொள்வார்கள்.

முகவரிடம் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 டாலர் போதும். ஆனால் அது திரும்பாது. குற்றச்சாட்டே கைவிடப்பட்டாலும் திரும்பாது! அவர் ஆஜராகாமல் போனால் முழுத் தொகைக்கும் முகவரிடம் கையெழுத்திட்டவர் பொறுப்பாக நேரிடும்; ஈடு வைத்த வீடும் போகலாம்.

பணம் இருந்தால் முதல் வழியே நல்லது. இல்லாதவர்களுக்கு நான்கு நாள் சிறை என்பதே வேலையைப் பறித்துவிடும். அவர்கள் முகவரை நாடுவதைக் குறைசொல்ல மாட்டேன். குற்றம் நிரூபிக்கப்படாத ஏழையிடம் இப்படிப் பணம் வாங்குவது அநியாயம். கென்டக்கி, ஓரிகன், விஸ்கான்சின் மாநிலங்களில் பிணை முகவர் தொழிலுக்கு இடமில்லை. இல்லினாய் 2023 செப்டம்பரில் பணப்பிணையையே ஒழித்தது.

எதையும் கட்டுமுன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்: முதல் ஆஜரின்போது நீதிபதி தொகையைக் குறைக்கலாம், பணம் எதுவும் கேட்காமல் அவருடைய சொந்தப் பொறுப்பிலேயே விடுவிக்கவும் செய்யலாம்.