குளிருக்குப் படகை நானே மூடி வைக்கிறேன்: ஏழு வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 16 அடி அலுமினியப் படகு. பின்னால் வெளியே தொங்கும் 40 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் அவுட்போட் எஞ்சின். ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் மே தொடக்கம் ஒக்ரோபர் வரை ஓடும். மிச்ச ஆறு மாதமும் வீட்டு வாசலில், ரெயிலரில், தார்ப்பாய்க்குக் கீழே. முதல் வருடம் வின்ரர் வேலையைக் கடையில் கொடுத்துச் செய்வித்தேன், 400 டொலருக்கு மேல் போனது. அதற்குப் பிறகு நானே செய்கிறேன். இந்த ஒக்ரோபருடன் ஏழு முறை ஆகிவிட்டது. ஓயில், ஃபில்டர், மற்றச் சாமான் எல்லாம் 100 டொலருக்குள் முடிகிறது. ஒரு சனிக்கிழமை முழுதாகப் போகும்.

காசு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் கியர் ஓயிலை என் கண்ணாலேயே பார்க்கிறேன் என்பதற்காகத்தான் இந்த வேலையை இனி யாரிடமும் கொடுக்கமாட்டேன்.

மூன்றாம் வருடம் நடந்தது இது. புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் இருக்கும், கியர்ப் பெட்டியின் கீழ்த் திருகைக் கழற்றினேன். கறுப்பாக வரவேண்டிய ஓயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால், பின்னால் அச்சில் தூண்டில் நரம்பு இறுகச் சுற்றி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை வெட்டியிருந்தது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். சனவரியில் இங்கே மைனஸ் 20 சாதாரணம். அந்தத் தண்ணீர் அப்படியே உள்ளே இருந்திருந்தால் கியர்ப் பெட்டியின் அலுமினியம் வெடித்திருக்கும். ஒரு சீல் மாற்றியதோடு தப்பினேன். அன்றிலிருந்து ஓயில் சரியாக இருந்தாலும் வருடம் ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றி நரம்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

புது ஓயிலைக் கீழ்த் துளையால்தான் பம்ப் பண்ணி ஏற்றவேண்டும். மேல் துளையால் ஊற்றினால் காற்று உள்ளே சிக்கி, நிரம்பிவிட்டது போலக் காட்டும். மேலே ஓயில் குமிழியில்லாமல் வழிந்ததும், முதலில் மேல் திருகை இறுக்கி, அப்புறம் பம்பை எடுத்துக் கீழ்த் திருகைச் சட்டென்று போடவேண்டும். திருகின் வாஷர்கள் ஒவ்வொரு முறையும் புதிது. சில சதக் காசுக்குப் பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

பெற்றோலில் நான் ஒரு பிழை விட்டிருக்கிறேன். இங்கே சாதாரணப் பெற்றோலில் எத்தனோல் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். அதற்காக, பெற்றோல் பழுதாகாமல் காக்கும் ஸ்டெபிலைசர் மருந்தைத் தாங்கியில் ஊற்றி மூடிவிட்டேன். எஞ்சினை ஓட்டவில்லை. மருந்து தாங்கியில் இருந்தது, எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரைக்கும் பழைய பெற்றோலே நின்றது. வசந்தத்தில் எஞ்சின் திக்கித் திக்கித்தான் ஓடியது. இப்போது எஞ்சின் சூடேறாமல் இருக்கத் தண்ணீர்க் குழாயை மாட்டிப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகே நிறுத்துகிறேன். அந்தச் சூட்டோடு எஞ்சின் ஓயிலையும் இறக்கிவிடலாம், இளகி நன்றாக வடியும்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் வள்ளம் வைத்திருந்த என் மாமா ஒருமுறை தொலைபேசியில் கேட்டார்: "உப்பே இல்லாத தண்ணியில ஓடுற எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு பாடு, மருமோன்?" அங்கே கடலால் வந்ததும் நல்ல தண்ணியில் எஞ்சினைக் கழுவுவது அன்றாட வேலை. உப்புத்தான் அங்கே எதிரி. இங்கே நல்ல தண்ணீரே எதிரி, எங்காவது ஒரு மூலையில் தங்கிவிட்டால். அவுட்போட் என்றால் எஞ்சினை நேராக நிமிர்த்தி வைத்தால் தானே வடிந்துவிடும், சாய்த்து வைக்கக்கூடாது. எஞ்சின் படகுக்குள்ளேயே இருந்தால் கதை வேறு. எஞ்சினின் உடலான பிளொக்கில் உள்ள வடிகால் திருகுகளை ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும். திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் காலி என்று நம்பிவிடாதீர்கள். துருவும் மண்டியும் அடைத்திருக்கும், கம்பியால் குத்திப் பாருங்கள். நண்பர் ஒருவரின் பிளொக் இப்படித்தான் வெடித்தது. வடித்த பிறகு ஊற்றுவது, உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு நிற அன்ரிஃப்ரீஸ். காருக்கு ஊற்றும் பச்சை நச்சு, அது ஏரிக்குப் போகக்கூடாது.

பற்றரியை முழுதாகச் சார்ஜ் பண்ணி நிலவறைக்குக் கொண்டுபோகிறேன். சார்ஜ் இறங்கிய பற்றரி சுழியத்துக்குச் சில பாகை கீழேயே உறைந்துவிடும். மாதம் ஒருமுறை மீற்றர் வைத்துப் பார்ப்பேன், 12.6 வோல்ற் இருந்தால் சரி.

தார்ப்பாயில்தான் நிறையத் தோற்றேன். இரண்டு வருடம் படகின் மேலேயே விரித்துக் கட்டினேன். பனி தேங்கி, குழிவிழுந்து, மார்ச்சில் கிழிந்தது. பிறகு மரச் சட்டத்தால் நடுவில் முகடு வைத்து, கூரை போலச் சரிவாகக் கட்டினேன். அதே தார்ப்பாய் இப்போது நாலாவது வருடம். இரண்டு முனையும் கொஞ்சம் திறந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். படகின் முன்பக்கத்தை உயர்த்தி, அடியில் இருக்கும் தக்கையைக் கழற்றி வைக்கிறேன். ஏரியை விட்டுப் புறப்பட முன் அந்தத் தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடிப்பது 2022 முதல் ஒன்ராறியோவில் சட்டம். சீப்ரா மட்டி மாதிரியான உயிரினங்கள் வேறு ஏரிக்குத் தொற்றாமல் இருக்கத்தான். கழற்றிய தக்கையைச் சாவிக் கொத்தோடு கட்டிவிடுங்கள். மெத்தை, லைஃப் ஜக்கெற் எல்லாம் வீட்டுக்குள். விட்டால் எலி கூடு கட்டும்.

இந்த முறை எஞ்சினை ஓட்டும்போது பின்னால் பீய்ச்சும் தண்ணீர் கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. தண்ணீர்ப் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் ரப்பர் தேய்ந்திருக்கவேண்டும். புதிது வாங்கி வைத்துவிட்டேன். மே மாதம் ஏரியில் இறக்க முன் மாற்றுவேன்.