நாகர்கோவிலில் கிறிஸ்துமஸ் பலகாரம்: எங்கள் தெருமுனைக் கடை

குடில் கட்ட வேண்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், கேரல் குழுவைக் கவனிக்க வேண்டும். இதற்கு நடுவில் பலகாரமும் சுட்டால், 24-ஆம் தேதி ராத்திரித் திருப்பலியில் அம்மா தூங்கி வழிவார். அதனால் இந்த வருஷம் தெருமுனைப் பலகாரக் கடையில் முன்பணம் கொடுத்துச் சொல்லிவைத்தோம். அம்மா நிதானமாக உட்கார்ந்து குடிலுக்கு வைக்கோல் பரப்பினார். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

முந்திரிக்கொத்துதான் அருமை. சிறுபயறை வாசம் வர வறுத்து, கருப்பட்டிப் பாகில் பிடித்திருக்கிறார்கள். மேல்மாவு மெல்லிசு. மூன்று உருண்டையும் ஒட்டிய கொத்து உடையாமல் வந்தது; நாள் கழித்தும் எண்ணெய்ச் சிக்கு வாடை இல்லை. அச்சுமுறுக்கு நல்ல மொறுமொறுப்பு, எள் மட்டும் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம். பிளம் கேக் சுமார்தான், அதை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் அம்மாவின் இடுப்புவலியை நினைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் கூட்டம் சேர்ந்துவிடும். பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள்.